யார் வீட்டு மாந்தோப்பு?

கோடை விடுமுறையில் அரசுப் பள்ளிகளைத் திறந்து, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பகல் முகாம் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைக் கண்டித்துச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நடையில் குறை சொல்ல முடியாது. மாம்பழ வாசனை, கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி, பாட்டி பிசைந்து கொடுத்த பழைய சோறு என்று பக்கம் முழுக்க மணக்கிறது. ஏழைக் குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் ஏழைக் குழந்தை ஒன்றைக்கூடக் காணோம் என்பதுதான் குறை. அதில் இருப்பதெல்லாம் கட்டுரையாளரின் பால்யம்.

அவர் சொல்வதன் சாரம் இது. விடுமுறை குழந்தையின் சுதந்திரம்; அதையும் பிடுங்கிக்கொண்டு, மணியடித்து வரிசையில் நிறுத்திக் கைதட்ட வைப்பது வன்முறை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர் கடமை. அதையும் அரசின் தலையில் கட்டுவது இலவசப் பண்பாட்டின் அடுத்த கட்டம். கோடையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது அமெரிக்காவிலேயே அடிபட்டுப்போன ஆராய்ச்சி. போதாக்குறைக்கு வெயில் வேறு கொளுத்துகிறது. இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மாந்தோப்பு. அது யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வாழ்க்கையில் வந்திருக்காது. தாத்தாவுடையதாகவோ தாத்தாவுக்கு வேண்டப்பட்டவருடையதாகவோ இருந்திருக்கும். மாங்காய் அடித்தால் காவல்காரர் விரட்டுவார், பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு காய் கொடுத்தனுப்புவார். அதே மரத்தில் காலனிப் பையன் ஒருவன் கல்லெறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது நம் கிராமங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவர் குதித்து நீந்திய கிணற்றில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இறங்க முடிந்ததா என்றும் அவர் சொல்லவில்லை. ஊருக்கே பொதுவான ஆனந்தம் என்று அவர் எழுதுவது, ஊரில் சில வீடுகளுக்கு மட்டும் கிடைத்த ஆனந்தம்.

பாட்டி ஊருக்கு அனுப்புங்கள் என்கிறார். ஐயா, பல பிள்ளைகள் இருப்பதே பாட்டி ஊரில்தான். பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போயிருப்பவர்கள் அவர்களைப் பெற்றவர்கள். அந்தப் பாட்டியும் திண்ணையில் காலை நீட்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் காலையிலேயே ஏரி வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். நூறு நாள் வேலைச் சட்டத்தை 2005இல் எழுதியவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அதில் இடம் தரவில்லை. அது பள்ளியில் இருக்கும் என்பது கணக்கு. மே மாதத்தில் அது எங்கே இருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் கேட்கவில்லை. கட்டுரையாளரும் கேட்கவில்லை.

எங்கே இருக்கும் என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் சொல்லும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை திரும்பத் திரும்ப ஒரே செய்தி வரும்: குளிக்கப் போன சிறுவர்கள் நீரில் மூழ்கினார்கள். குளம், ஏரியில் மண் அள்ளிய பள்ளம், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை என்று இடம் மட்டும் மாறும். கட்டுரையாளரின் கிணற்று மேட்டில் கவலை ஓட்டியவரோ மோட்டார் போட வந்தவரோ யாரோ ஒரு பெரியவர் நின்றிருந்தார். நீச்சல் சொல்லிக்கொடுக்க ஒரு சித்தப்பா இருந்தார். இன்றைய கல்குவாரிக் குட்டையில் கரையும் கிடையாது, சித்தப்பாவும் கிடையாது. நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் இரண்டு: சின்னக் குழந்தைகளை நீரிலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்தில் பார்த்துக்கொள்வது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது. இரண்டையும் செய்யக்கூடிய இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைத்தான் அவர் வன்முறை என்கிறார்.

இன்னொன்று கவனித்தேன். அவருடைய விடுமுறை நினைவுகளில் பெண் பிள்ளைகளே இல்லை. கிணறு, பம்பரம், காற்றாடி, கிட்டிப்புள், சைக்கிள் எல்லாமே பையன்களின் உலகம். அவருடைய அக்காவும் அத்தை மகளும் அந்த மே மாதங்களில் எங்கே இருந்தார்கள்? வடாம் பிழிந்துகொண்டும், தம்பிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டும் உள்ளேதான் இருந்திருப்பார்கள். இன்றைய ஏழை வீட்டில் பத்து வயதுப் பெண்ணின் கோடை இன்னும் கடினம். தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் சுமக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டுப் போன ஒரு பெண் ஜூனில் திரும்பி வராவிட்டால், அந்த ஆறு வாரத்தில் என்ன முடிவாகியிருக்கும் என்று அவளுடைய ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். சுதந்திரம் என்று அவர் பெயர் சூட்டுவதற்கு அந்தப் பெண்ணின் வீட்டில் வேலை என்று பெயர்.

நகரத்துக்கு வருவோம். சென்னைக்குள் இருந்த குடிசைகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் விடியும் முன்பே பேருந்து பிடிக்கிறார்கள். பள்ளி இருக்கும் நாளில் அந்த அம்மாவுக்கு ஒரு நிம்மதி உண்டு. பிள்ளை மதியம் சாப்பிட்டிருக்கும், நாலு மணி வரை யாரோ பார்த்துக்கொள்வார்கள். மே மாதத்தில் அவர் முன் இருப்பவை மூன்று வழிகள். வேலையை விடலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், எசமானி வீட்டுப் பின்கட்டில் உட்கார வைக்கலாம். கையில் ஒரு கைபேசியைக் கொடுத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகலாம். பெற்றவர் கடமை பற்றிக் கட்டுரையாளர் அவருக்கு வகுப்பெடுக்கிறார். அந்த அம்மா கடமையைச் செய்யத்தான் போய்க்கொண்டிருக்கிறார். அவர் மே மாதம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டால், கட்டுரையாளர் போன்றவர்களின் வீட்டில் பாத்திரம் யார் தேய்ப்பது என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

விடுமுறை என்றாலே விளையாட்டு என்று நம்புகிறவர்கள் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று கம்பீரமாகத் தொடங்கும் சட்டம், ஒரு விலக்கும் தருகிறது. ஆபத்தான தொழிலாக இல்லாதவரை, குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். எப்போது? பள்ளி நேரத்துக்குப் பிறகு, அல்லது விடுமுறைக் காலத்தில். ஏழைப் பிள்ளையின் கோடையை இந்த நாட்டின் சட்டமே வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. முறுக்குச் சுடும் வீட்டிலும் தறி ஓடும் வீட்டிலும் உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் வந்து பார்க்கப்போகிறார்? இந்தப் பிள்ளைகளிடமிருந்து மாந்தோப்பை யாரும் பிடுங்கவில்லை. பகலில் ஒரு பங்கை அவர்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்பதுதான் முகாம் கேட்பவர்களின் கோரிக்கை.

சோற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அந்தப் பழைய சோற்றைத் தவிர வேறு சோறு இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் மதிய உணவை உரிமையாக்கியது, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக. பசிக்கும் விடுமுறை உண்டு என்று நம்பியவர்கள் எழுதிய சட்டம்போல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இதை முன்பே பார்த்துவிட்டது. சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பரில் ஆணையிட்ட நீதிமன்றம், 2004 ஏப்ரலில் ஒரு படி மேலே போய், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் அதைத் தர வேண்டும் என்றது. எப்படி முடியும் என்று கேட்பவர்கள் ஓசூரைத் தாண்டிப் பார்க்கலாம். 2024 கோடையில், வறட்சி அறிவிக்கப்பட்ட வட்டங்களில், விடுமுறை என்றும் பாராமல் கர்நாடகம் பள்ளிகளில் மதிய உணவு போட்டது. அதே அடுப்பு, அதே சமையலர்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இலவசம் என்ற வசைக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருக்கிறது. நூறு ஆண்டுகளாக இதே வசை, ஆட்கள்தான் மாறுகிறார்கள். 1920இல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. கல்விக்கான நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு ஆட்சேபித்ததால் 1925இல் அது நின்றது. காமராசர் மதிய உணவு தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தபோதும், பணத்தைக் கரைக்கிறார்கள் என்றார்கள், பிள்ளைகளைக் கையேந்த வைக்கிறார்கள் என்றார்கள். 1995இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான திட்டமாக அறிவித்தது. 2022இல் காலை உணவு வந்தபோதும் அதே முணுமுணுப்பைக் கேட்டோம். இப்போது அந்த வரிசையில் கோடை முகாம். வசைபாடுகிறவர்கள் குறைந்தது புதிதாக ஏதேனும் கண்டுபிடிக்கக் கூடாதா?

தமிழன்தான் இலவசத்துக்கு அலைகிறான் என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கென்றே விடுமுறை முகாம்கள் நடக்கின்றன. கோடையில் நான்கு வாரம், வாரம் நான்கு நாள், நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், விளையாட்டு, கைவேலை, ஒரு வேளைச் சாப்பாடு. 2018இல் சோதனையாகத் தொடங்கி, 2021இல் இங்கிலாந்து முழுவதற்கும் விரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, கோடையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள் என்று அரசை நெருக்கியவர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற இருபத்திரண்டு வயதுக் கால்பந்து வீரர். சிறு வயதில் பள்ளிச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர். முதலில் முடியாது என்ற அரசு பிறகு இறங்கி வந்தது. அவரும் இலவசங்களுக்கு அலைந்தவர்தான் போலும்.

முகாம்கள் குழந்தைப் பருவத்தைக் கொல்கின்றன என்றால், காசு வாங்கிக்கொண்டு கொல்லும் முகாம்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் ஞாயிறுகளில் நாளிதழைப் பிரித்தால் மடியில் கொட்டும் துண்டறிக்கைகள் அவர் வீட்டுக்கும் வராமலிருக்காது. அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, ஸ்கேட்டிங், தீயில்லாச் சமையல், ஆளுமை வளர்ச்சி என்று வரிசை நீளும். பல ஆயிரம் ரூபாய் கட்டி அனுப்பினால் அது திறன் வளர்ப்பு. கட்டணம் இல்லாமல் போனால் அது சுதந்திரப் பறிப்பு! பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் மே மாதமே வகுப்பைத் தொடங்கிவிடுவதும், கல்வித் துறை எச்சரிக்கை விடுவதும் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. அந்தப் பிள்ளைகளின் மாந்தோப்புக்காக அவர் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

அரசு ஏற்கெனவே இலவச முகாம்கள் நடத்துகிறதே என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். உண்மைதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கோடை நிகழ்ச்சிகள் உண்டு. ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஓவியமும் பாட்டும் நடனமும் சொல்லித் தருகிறார்கள். விளையாட்டுப் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் மாலையிலும் நடக்கின்றன. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் வேலை நாளில் பெரும்பாக்கத்துப் பிள்ளையைக் கோட்டூர்புரத்துக்குக் கூட்டிப் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்துவர, வேலைக்குப் போகாத ஒரு பெரியவர் வீட்டில் வேண்டும். நடந்து போகும் தூரத்தில், காலையிலிருந்து மாலை வரை, சாப்பாட்டோடு இருந்தால் மட்டுமே கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவும். முகாம் என்று கேட்காமல் பகல் முகாம் என்று கேட்பதே அதற்காகத்தான்.

இனி அவருடைய அமெரிக்க ஆராய்ச்சி. கோடை மறதி பற்றிய பழைய கணக்குகளைப் பால் வான் ஹிப்பல் என்ற டெக்சாஸ் பேராசிரியர் 2019இல் கேள்விக்குள்ளாக்கினார் என்பது சரி. ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி கோடையில்தான் விரிகிறது என்ற முடிவு, அன்றைய தேர்வுகளில் மதிப்பெண் அளந்த முறையின் கோளாறாக இருக்கலாம் என்றார். கட்டுரையாளர் இதோடு தாளை மூடிவிட்டார். அதே பேராசிரியர் தம் ஆய்வுக் கட்டுரையை முடிக்கும்போது, எல்லாக் குழந்தைகளும் கோடையில் மிக மெதுவாகத்தான் கற்கிறார்கள், ஆகவே பின்தங்கிய பிள்ளைகள் எட்டிப்பிடிக்க ஒவ்வொரு கோடையும் ஒரு வாய்ப்பு என்று எழுதியிருக்கிறார். முகாம் வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக அழைத்து வரப்பட்டவர், கூண்டில் ஏறி வேண்டும் என்கிறார்.

இன்னொரு ஆய்வை அவர் பார்க்கவே இல்லை. 2013, 2014 கோடைகளில் பாஸ்டன், டல்லாஸ், ஜாக்சன்வில் இருக்கும் டுவால் மாவட்டம், பிட்ஸ்பர்க், ராசெஸ்டர் ஆகிய ஐந்து இடங்களில், கட்டணமில்லாக் கோடைப் பகல் முகாம்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. விண்ணப்பித்த பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் கோடைக்குப் பின் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. அது நாளடைவில் மங்கியது. இருபது நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம் மட்டும் பலன் நிலைத்தது. இரண்டாவது கோடைக்குப் பின் அவர்களிடம் மொழிப் பாடத்திலும் தெரிந்தது. முகாம் மந்திரக்கோல் இல்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை. பிள்ளை தொடர்ந்து வர வேண்டும். வர வேண்டுமானால் சோறும் விளையாட்டும் போக்குவரத்தும் இருக்க வேண்டும். ஐந்து நாள் விழா எடுத்து, சான்றிதழோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவதால் பயனில்லை. நம் அதிகாரிகளுக்கு அந்த ஐந்து நாள் விழாதான் பிடிக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு. கட்டுரையாளர் அதைத் தாக்கியிருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

ஆசிரியர்களின் விடுமுறையில் கை வைக்கக் கூடாது என்பதிலும் எனக்கு வேறு கருத்து இல்லை. தேர்தல், கணக்கெடுப்பு, விடைத்தாள் என்று அவர்களுடைய கோடையில் ஏற்கெனவே பாதி போய்விடுகிறது. ஆள் எங்கே என்றால், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஊர்தோறும் படித்த பெண்களைத் திரட்டிக் காட்டியது. அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்தோம். அந்தத் தவறைத் திரும்பச் செய்யாமல், நாள் முழுக்க வேலை என்றால் நாள் முழுக்கக் கூலி என்று கொடுத்தால் ஆள் கிடைப்பார்கள்.

வெயில் பாக்கி இருக்கிறது. மே மாத உச்சிவெயிலில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தக் கூடாது என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வெயிலுக்குப் பயந்து அவர்களை எங்கே விடச் சொல்கிறார்? தகரக் கூரைக்குக் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழுமா? அந்தத் தெருவில் கான்கிரீட் தளமும் மின்விசிறியும் குடிநீர்த் தொட்டியும் வேப்பமரமும் உள்ள ஒரே கட்டடம் பெரும்பாலும் அரசுப் பள்ளிதான். அதைப் பூட்டி வைத்துவிட்டு, வெயில் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2016 சட்டமன்றத் தேர்தல் மே 16ஆம் தேதி, அக்னி நட்சத்திரத்தின் நடுவில் நடந்தது. வாக்குச்சாவடிகளில் பெரும்பாலானவை இதே பள்ளிகள். பூட்டைத் திறந்தார்கள், சாமியானா கட்டினார்கள், குடிநீர் வைத்தார்கள், கழிப்பறையைக் கழுவினார்கள், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டார்கள். இவ்வளவும் எப்படிச் செய்வது என்பது ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கோப்பாக இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்காக மே மாதத்தில் ஒரு நாள் செய்ததை, வாக்கு இல்லாதவர்களுக்காக இருபத்தைந்து நாள் செய்வதில் தமக்கு என்ன ஆட்சேபம் என்று கட்டுரையாளர் அடுத்த கட்டுரையிலாவது எழுதட்டும்.